அளவுச் சட்டை

வாடகை வீடு பார்த்துவிட்டு வந்த என் தம்பி ஜெயக்காந்தன், நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று மட்டும்தான் சொன்னான். ஒரு காலத்தில் அது தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வாட்டாக இருந்தது என்பதை, ரத்தோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி, சாமான்களை த்ரீவீலரில் திணித்துக்கொண்டு பாதி வழி ஏறிய பிறகுதான் வாய் திறந்து சொன்னான். பக்கத்தில் அவன் மனைவி விஜிதா வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆறாம் மாதம்.

புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டுப் போய் பழைய வாட்டுல வைக்கிறியே, மூளை இருக்கா என்று கேட்டேன். ராசியான இடம்தானே அக்கா என்று சிரித்தான். வாசனைச் சரக்கு ஸ்டோரில் லொறி ஓட்டுகிறவன். வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்ததே அவனுக்குப் பெரிய காரியம்.

இப்போதெல்லாம் தோட்டத்துப் பிரசவங்கள் மாத்தளைப் பெரியாஸ்பத்திரியில்தான். அதனால் வாட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனமாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களுக்கு மலைப்பக்கம். ரோட்டுப் பக்கத்தில் ஜஸ்லா என்ற சின்னப் பெண் புருஷனோடு இருந்தாள். அவளும் பிள்ளைத்தாச்சி, நிறைமாதம்.

நீளமான கட்டடம். சிவப்புச் சீமெந்துத் தரை. எட்டாத உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். வெளியே யாரோ கிராம்பு காயவைத்திருந்தார்கள், அந்தக் காரமான வாசனை வாசல் வரை கூடவே வந்தது. உள்ளே காலை வைத்ததும் அது நின்றுபோய் வேறொரு வாசனை வந்தது.

பிறந்த குழந்தையின் உச்சந்தலை வாசனை.

எனக்கு அது நன்றாகத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் எத்தனையோ வருடம் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்தவள் நான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அக்கா தையல் மெஷினைத்தான் கட்டிக்கிட்டா என்று தம்பி ஊரெல்லாம் கேலி பேசுவான். பேசட்டும். தெரிந்த வீட்டில் எங்கே பிள்ளை பிறந்தாலும் ஒரு சட்டை, கம்பளி நூலில் பின்னிய தொப்பி, காலுறை என்று ஒரு செட் என் கையால் போகும். புஷ்பாக்கா செட் என்றே அதற்குப் பெயர்.

ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று எதுவும் தைக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் ஊசியில் நூல்கூடக் கோர்க்க மாட்டார்கள். விஜிதாவின் ஆஸ்பத்திரிப் பைக்குப் பழைய சேலைத் துண்டுகளும் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் போட்டுக் கழித்த சட்டைகளும் தயாராக இருந்தன. சொந்தத் தம்பிக்குப் பிள்ளை வரப்போகிறது, எனக்கோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. கை சும்மா இருக்குமா?

அப்போதுதான் அந்தச் சட்டை கிடைத்தது. சுவர் அலுமாரியைத் துடைக்கும்போது மேல் தட்டில், விரித்திருந்த பழைய பேப்பருக்கு அடியில் இருந்தது. வெள்ளை மல் துணி. பச்சைப் பிள்ளைக்கானது. முதுகில் கட்டுவதற்கு நாடா. பேப்பர் பழுத்து நொறுங்கியது, சட்டையில் ஒரு மஞ்சள் கறைகூட இல்லை. தையலைப் பார்த்தேன். கையால் தைத்தது, ஆனால் மெஷின் தோற்றுப்போகும். கழுத்து வளைவில் ஒரு சுருக்கம் இல்லை. என் தையலை நானே மெச்சிக்கொள்கிறவள், எனக்கே பொறாமை வந்தது. துவைத்துப் போட்டேன். வீட்டுக்குள் அடித்த வாசனை அதிலும் அடித்தது, மூன்று தண்ணீரில் அலசியும் போகவில்லை.

தையல்காரியிடம் போனால் அளவு ஜாக்கெட் கொண்டுவந்தியா என்றுதானே கேட்பாள். நானும் அதை அளவுச் சட்டையாக எடுத்து வைத்துக்கொண்டேன். இனி என் செட்டெல்லாம் இந்த வெட்டில்தான் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஜஸ்லாவுக்குப் பிறந்தது. ஆண் பிள்ளை, பெயர் ஷிஃபான். ஆசை தீர ஒரு செட் முழுவதும் அந்த அளவில் தைத்துக் கொடுத்தேன். சட்டை அவனுக்கென்றே தைத்ததுபோல உட்கார்ந்தது. பிறகு எங்கள் டிலுக்ஷன் பிறந்தான். தீட்டுக் கழித்த அன்று அவனுக்கும் அதே அளவில் ஒன்று போட்டேன். அவனுக்கும் அப்படியே உட்கார்ந்தது.

ஒரு நாள் ஜஸ்லா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அக்கா உங்கட அளவு நல்ல அளவு, இன்னமும் புள்ளைக்கிப் பத்துது என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அது பாராட்டு இல்லை என்று மிட்வைஃப் மிஸ் வந்தபோது புரிந்தது. தராசில் டிலுவைப் போட்டுப் பார்த்தாள். போன தடவை காட்டிய இடத்திலேயே முள் நின்றது. அடுத்த மாதமும் அப்படித்தான். தாய்ப்பால் போதாது என்று விஜிதாவைக் கடிந்துகொண்டாள். பால் மார்பில் கட்டி வலிக்கும் அளவுக்கு இருந்தது. பிள்ளையும் நன்றாகக் குடித்தான். டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்.

மற்றதெல்லாம் நேரத்துக்கு வந்தது. ஆள் பார்த்துச் சிரித்தான். பேர் சொன்னால் திரும்பினான். அம்மா என்று வாய் வந்தது. கீழே இரண்டு பல்கூட முளைத்தது.

உடம்பு மட்டும் பிறந்த அன்றைக்கு இருந்த உடம்பு.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷிஃபானும் அப்படியே இருந்தான். பல் முளைத்த வாயோடு, கைக்குள் அடங்குகிற பச்சை உடம்பு ஒன்று மடியில் கிடந்து நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும்? விஜிதா பிள்ளையைத் தூக்கவே பயப்பட ஆரம்பித்தாள். பெற்ற பிள்ளையைக் கண்டு பயப்படுகிறேனே என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். பிள்ளை வளரவேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. அதைத்தான் எங்களால் செய்ய முடியவில்லை.

போடுகிற சட்டை பெரிதாக இருந்தால் உடம்பும் பெருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்கு வந்தது. பெரிய அளவில் ஒன்று தைத்து, துவைத்துக் கொடியில் போட்டேன். மத்தியானம் எடுக்கப் போனபோது அது அளவுச் சட்டையின் அளவில் இருந்தது. துணி சுருங்கிவிட்டது என்று நினைத்து விரித்துப் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது.

என் தையல் இல்லை. என்னுடையதை விட நல்ல தையல்.

தம்பி மாத்தளையிலிருந்து ரெடிமேட் உடுப்பு வாங்கி வந்தான். அதுவும் அப்படியே ஆனது. பெரிதாக ஒரு கம்பளித் தொப்பி பின்னி டிலுவின் தலைமாட்டில் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது அது பிரிக்கப்பட்டு, சின்னதாகத் திரும்பப் பின்னப்பட்டிருந்தது. மிஞ்சிய நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றிப் பக்கத்திலேயே வைத்திருந்தது. நூலை வீணாக்காத கை.

கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினோம். கயிறும் மறுநாள் இறுகியிருந்தது. பயந்துபோய் நானே அறுத்து எறிந்தேன்.

ஒரு மழைநாள் மத்தியானம். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. துணிக்குள் நூலை இழுக்கிற சர்ர் என்ற மெல்லிய சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி சர்ர். விஜிதாதான் பட்டன் ஏதும் தைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

அந்த நேரம் பின்கதவைத் திறந்துகொண்டு விஜிதா குளித்த தலையோடு உள்ளே வந்தாள்.

"இந்த இருட்டுக்குள்ள என்னா தைக்கிறீங்க அண்ணி? கண்ணு என்னாத்துக்கு ஆகும்?" என்றாள்.

என் கை முழங்கை வரை அரிசித் தண்ணீரில் இருந்ததை அதன் பிறகுதான் பார்த்தாள்.

"நான் தைக்கல விஜி," என்றேன்.

"அப்ப இம்புட்டு நாளும்?"

இவ்வளவு நாளும் நான் தைக்கிறேன் என்று அவளும், அவள் தைக்கிறாள் என்று நானும் எண்ணிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வேலை பார்த்திருக்கிறோம்.

ஓடினோம். கட்டிலில் டிலு கிடந்தான். தனக்கு நேர் மேலே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். காலையில் போட்ட பெரிய சட்டை உடம்போடு பிடித்து நின்றது. ஓரத்தில் ஒரு நூல் முனை தொங்கியது. தொட்டேன்.

ஈரம்.

வாயில் வைத்துக் கடித்த ஈரம்.

விஜிதா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஜஸ்லா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். கூரைக்குள்ளே வா என்று கூப்பிட்டும் நெடுநேரம் வரவில்லை.

வாட்டில் அந்தக் காலத்தில் வேலை செய்த சந்திரகாந்தா என்ற சிங்கள அம்மா கீழே சந்திக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று ஜஸ்லாதான் சொன்னாள். மறுநாள் அளவுச் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு நன்றாக வரும். பையிலிருந்து சட்டையை எடுத்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கையில் வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"மகள், இத நான்தானே அந்தப் புள்ளைக்குப் போட்டது," என்றார். "போட்டுத்தான் மண்ணுல வச்சோம். எப்படி மேல வந்திச்சி?"

அவர் சொன்னது இவ்வளவுதான். தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண், தலைப்பிள்ளை. பிரசவத்துக்கு நாள் தள்ளிக்கொண்டே போனதால் வாட்டில் படுத்தபடி சட்டை தைத்தாள். பிள்ளை பிறக்கும் முன்னே தைக்காதே என்று மற்றப் பெண்கள் சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அவளுக்குக் காட்டாமலே எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் அழவும் இல்லை, பிள்ளை எங்கே என்று கேட்கவும் இல்லை. வருகிற போகிறவர்களிடமெல்லாம், சட்டை அளவு சரியா இருந்திச்சா, அளவு சரியா இருந்திச்சா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். என்ன சொல்வது என்று தெரியாமல் ஒருவரும் பதில் சொல்லவில்லை. கேட்டபடியே காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பெயரைச் சந்திரகாந்தா மறந்துவிட்டார். புதைத்த இடத்தையும் இப்போது காட்ட முடியாது, அங்கே மிளகுக் கொடி படர்ந்துவிட்டது.

எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. அதே மூச்சில் அவள் மேல் கோபமும் வந்தது. உன் பிள்ளை போனதற்கு எங்கள் பிள்ளை என்ன செய்யும்? சட்டையைக் கொண்டுபோய் அந்த மிளகுத் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் ஆழக் குழி தோண்டிப் புதைத்தேன். யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

அதனால் ஒன்றும் மாறவில்லை. வழி தற்செயலாகத்தான் வந்தது. ஷிஃபானுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டு, சட்டை போடமுடியாமல் போனது. ஜஸ்லா அவனைப் புருஷன் இடுப்பில் கட்டிய பழைய சாரத்தைக் கிழித்து அதில் சுற்றியே வைத்திருந்தாள். அடுத்த தடவை தராசு முள் நகர்ந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, புள்ளட ஒடம்பு ஏறிரிச்சி," என்றாள். "தைச்சது ஒன்னும் போடாதீங்க. அளவு இல்லாத துணியில அவளுக்கு என்னத்தச் செய்ய ஏலும்?"

அன்றே டிலுவின் உடுப்பெல்லாம் அடுப்புக்குள் போயிற்று. பழைய வேட்டித் துண்டில் அவனைச் சுற்றினோம். ஓரம் மடித்துத் தைத்த துணிகூட இல்லை, கிழித்த துணி. மெஷினை நான் தம்பியின் லொறியில் ஏற்றி விற்கச் சொல்லிவிட்டேன். ஊசி, நூல், பின்னல் கம்பி ஒன்றும் வீட்டில் இல்லை. கொஞ்ச நாளில் பிள்ளையின் கன்னத்தில் சதை வைத்தது. தொடையில் மடிப்பு விழுந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.

தம்பி வேலையை விட்டுவிட்டு நாவுலவில் ஒரு அரிசி ஆலையில் சேர்ந்தான். வயல்வெளிக்கு நடுவே புது வீடு. நல்ல வெயில். அந்த வாசனை அங்கே இல்லை. டிலு தவழ்ந்தான், சுவரைப் பிடித்து நின்றான், தாமதித்ததை எல்லாம் சேர்த்து வளர்ந்தான். எங்களைப் பிடித்த ஒரே தொந்தரவு பரிசு கொண்டுவருகிறவர்கள்தான். பிள்ளை இருக்கிற வீடு என்றால் சட்டையோடுதானே வருவார்கள்? ஒருத்தி ஆசையாகப் பின்னிய காலுறை கொண்டுவந்தாள். வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன். பிள்ளைக்கு நேர்த்திக்கடன், தைத்த உடுப்புப் போடுவதில்லை என்று பொய் சொன்னேன். அவள் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தி ஆசையோடு தன் கையால் செய்ததை வாங்காமல் விடுவது எப்படிப்பட்ட பாவம் என்று, செட் தைத்துக் கொடுத்துப் பழகிய எனக்குத் தெரியாதா?

விஜிதாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த வீட்டோடு எல்லாம் முடிஞ்சிருச்சி அண்ணி, என் புள்ள ஒரு நல்ல சட்டை போட்டு நான் பார்க்க வேணாமா என்று அடிக்கடி கேட்பாள். கந்தலைச் சுற்றிய பிள்ளை என்று பக்கத்தில் சிரிக்கிறார்களாம். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் ஒரே பிடியாக இருந்தேன்.

முதலாவது பிறந்தநாள் வந்தது. வருகிறவர்களிடம் உடுப்பு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். நான் காலையிலேயே கேக் எடுக்க நாவுல டவுனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது வாசலில் டிலு நின்றுகொண்டிருந்தான். விஜிதா அவன் கையைப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"கடைசில மனசு எறங்கிட்டீங்க இல்ல," என்றாள் விஜிதா. "தொட்டிலுக்குள்ள வச்சிட்டு, சொல்லாமலே போயிட்டீங்க. அளவு எப்படித்தான் எடுத்தீங்க அண்ணி?"

கேக் பெட்டியை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. மண்டியிட்டுக் கழுத்து வளைவைப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை.

என் முகத்தைப் பார்த்ததும் விஜிதாவுக்குச் சிரிப்பு நின்றது. நான் நாடாவை இழுத்தேன். அது லேசாக அவிழ்ந்தது. சட்டை தோளை விட்டு இறங்கியதும் பிள்ளையின் மூச்சு நின்றது. அழவில்லை, துடிக்கவில்லை. உதடு நீலமானது. விஜிதா பிடுங்கித் திரும்பப் போட்டாள். மூச்சு வந்தது.

இன்னொரு தடவை முயன்றோம். கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்தோம், கத்தரி துணியில் பட்டதுமே மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே டொக்டர் கழற்றியபோதும் அப்படியே ஆனது, அவர் பயந்துபோய் வலிப்பு என்று எழுதினார். அதற்குப் பிறகு நாங்கள் முயலவில்லை. சட்டையோடுதான் அவனைக் குளிப்பாட்டுகிறோம், சட்டையோடுதான் துவட்டுகிறோம். ஜஸ்லாவிடம் போனில் சொன்னேன். அவள் உடனே போனை வைத்துவிட்டாள். ஷிஃபானை இன்றைக்கும் சாரத்துண்டில்தான் சுற்றுகிறாளாம்.

டிலுவுக்குப் போன வாரம் இரண்டு வயது முடிந்தது. வாய் ஓயாமல் பேசுகிறான், நிறம் சொல்கிறான், நெல் லொறி வந்தால் அப்பா என்று ஓடுகிறான். முதல் பிறந்தநாளன்று போட்ட சட்டை இன்னும் அவனுக்குச் சரியாக இருக்கிறது.

நேற்று வலது கையோரத்தில் தையல் கொஞ்சம் பிரிந்திருந்தது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்படியே ஒவ்வொன்றாகப் பிரிந்து, நைந்து, தானாக விழுந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. சாயந்தரம் முழுக்க அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை குளிப்பாட்டும்போது பார்த்தேன். தைத்து வைத்திருக்கிறது.